பிடரி வைத்த பெண் சிங்கம்

எருசலேமில் எங்கள் மிருகக்காட்சிப் பூங்காவில் யூத வேதத்தில் பெயர் வருகிற மிருகங்களுக்குத்தான் முதல் மரியாதை. அதனால் சிங்கங்களுக்கு மலைச் சரிவில் நல்ல வெயில் விழும் இடத்தைக் கொடுத்திருந்தார்கள். எதிரே கண்ணாடித் தடுப்பு வைத்த ஒரு மேடை. புதன்கிழமை பிற்பகலில் அந்த மேடையில்தான் என் வகுப்பு. எல்லாம் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். முதல் பாதியில் காட்டில் சிங்கம் எப்படி வாழ்கிறது என்று சொல்வேன். பிறகு பிள்ளைகள் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். இரண்டாம் பாதியில் நம் முன்னோர் சிங்கத்தைப் பற்றி என்ன சொல்லிவைத்தார்கள் என்று சொல்வேன். இரண்டையும் கலக்கக் கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட விதி. நான் அப்போது மாலை வகுப்பில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். விதி ஒன்று இல்லாவிட்டால் பிள்ளைகள் முன்னால் எனக்கு நாக்கு புரளாது.

முதல் வகுப்பிலேயே அந்த விதி உடைந்துவிட்டது. காலையில் படுக்கையை விட்டு எழும்போது சிங்கம் போல எழ வேண்டும், படைத்தவருக்கு வேலை செய்ய நேரமாகிவிட்டது என்று எழ வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நெஹோராய் கையைத் தூக்கினான். கை தூக்குவது அவனுக்கு ஒரு சம்பிரதாயம். பேச்சு அதற்கு முன்பே வந்துவிடும்.

"மோரா, நீ இப்பதானே சொன்னே, சிங்கம் ஒரு நாள்ல இருபது மணி நேரம் படுத்துத் தூங்கும்னு?"

"ஆமா, சொன்னேன்."

"அப்ப நான் சிங்கம் மாதிரிதான் எழுந்திருக்கேன். எங்கம்மாகிட்ட நீயே வந்து சொல்லு. இல்லேன்னா நம்ப மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். மோரா என்றால் ஆசிரியை. அந்த வார்த்தை அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, முன் வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்:

"எழுந்திருக்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?"

அவள்தான் ஹோதயா. அவள் அம்மா, ஸொஹாரா, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று அவளைக் கொண்டுவந்து விட்ட அத்தை என் காதில் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். நான் அவசரமாக யோசித்தேன். சிங்கம் படுத்திருந்தாலும் சிங்கம்தான் என்றேன். பிறகு, இரண்டாம் பாதியில் அடுத்த வாரத்துக்கு என்று வைத்திருந்ததை அன்றைக்கே சொன்னேன். யாக்கோபு சாகும் முன் தன் மகன் யூதாவைச் சிங்கக்குட்டி என்று அழைத்தார். அவன் சிங்கத்தைப் போல் மடங்கிப் படுத்திருக்கிறான், அவனை எழுப்ப எவருக்குத் துணிச்சல் உண்டு என்று கேட்டார்.

"யாருக்கும் கிடையாதா?"

"யாருக்கும் கிடையாது."

"எங்கம்மாவும் அப்படித்தான் படுத்திருக்கா," என்றாள் ஹோதயா பக்கத்துப் பெண்ணிடம். பெருமையாகச் சொன்னாள்.

எட்டுக் கிலோமீட்டர் விஷயம் அடுத்த வாரம் வந்தது. சிங்கத்தின் கர்ஜனை அவ்வளவு தூரம் கேட்கும் என்றேன். ஹோதயா மேடையின் ஓரத்துக்குப் போய் மேற்கே பார்த்தாள். அங்கே பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் பைன் மரங்கள் அடர்ந்த மலை. அந்த மலைக்குப் பின்னால்தான் ஆஸ்பத்திரி.

"அது எவ்வளவு தூரம்?"

"அஞ்சு இருக்கும். ஆனா ஹோதயா, எட்டுங்கிறது சமவெளியில. காத்து இல்லாத நேரத்துல. இங்க மலை இருக்கு, பஸ் ஓடுது..."

"நான் ரொம்ப நேரம் கத்துவேன்," என்றாள்.

கத்தினாள். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சின்ன உறுமலாகத் தொடங்கி, பிறகு முழு உடம்பையும் முன்னால் தள்ளி. நெஹோராய் காதைப் பொத்திக்கொண்டான். கீழே பாறையில் படுத்திருந்த கிழச் சிங்கம் பாராக் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

ஹோதயாவின் அம்மா இருந்த பிரிவுக்குள் குழந்தைகளை விட மாட்டார்கள்; தொற்று வந்துவிடும் என்று பயம். குளிர் தொடங்கியதிலிருந்து அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பா எல்கானா பகலில் வேலைக்கும் பிறகு ஆஸ்பத்திரிக்கும் போனதால், அவளைத் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அண்ணன் அமிஹாய்க்குப் பதினைந்து வயது. அவன் அப்பாவோடேயே இருந்தான். புதன்கிழமை சாயங்காலம் அம்மா தொலைபேசியில் பேசுவாள். அடுத்த வாரம் ஹோதயா வந்து எனக்கு அதைச் சொல்வாள்.

"அம்மாவுக்குக் கேட்டுச்சாம், மோரா. 'யாரு இது, என் குட்டியா, இல்ல பாராக்கா'ன்னு நர்ஸைக் கேட்டாளாம்."

கேட்டிருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். எதைத் திருத்துவது, எதை விடுவது என்று பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. விட்டுவிட்டேன்.

*

மழைக்காலத்தின் நடுவில் பாராக் செத்துப்போனது. வயதாகிவிட்டது, சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. காலையில் சிங்கங்களைப் பார்த்துக்கொள்ளும் ஓவாதியா கூண்டறைக்குப் போனபோது அது வைக்கோலில் கிடந்தது. பெண் சிங்கம் யாயேல் வெளி அடைப்பில் இருந்தது. மிருக வைத்தியர் உடலை உடனே எடுத்துப்போய் அறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஆனால் ஓவாதியா கதவைத் திறந்து யாயேலை உள்ளே விட்டுவிட்டார்.

அது பாராக்கை முகர்ந்தது. முன்காலால் ஒரு முறை தள்ளிப் பார்த்தது. அதன் பிடரியை நக்கியது. பிறகு பக்கத்திலேயே மடங்கி, முன்கால்கள் மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது. வைத்தியர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஓவாதியா? எனக்கு வேலை இருக்கு."

"போய் எழுப்புங்க டாக்டர். நான் வேணாம்னா சொன்னேன்? கதவை வேணா நான் பிடிச்சுக்கறேன்."

மறுநாள் காலையில்தான் அது தானாக எழுந்து வெளியே போனது.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். சொல்லிவிட்டேன். எப்படியும் பாறை காலியாக இருப்பதை அவர்கள் பார்ப்பார்கள்.

"ஏன் அதுக்குக் காட்டணும்?" என்று நெஹோராய் கேட்டான். "பாவம், அழாதா?"

"காட்டலேன்னா தேடிக்கிட்டே இருக்கும். சுவரோரமா நடந்து நடந்து கூப்பிடும். பதில் வரலேன்னா இன்னும் சத்தமாக் கூப்பிடும். சாப்பிடாது. பார்த்துட்டா, கொஞ்ச நாள் சும்மா படுத்திருக்கும். அப்புறம் கூப்பிடறதை நிறுத்திடும்."

ஹோதயா கண்ணாடியில் மூக்கை வைத்து யாயேலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரும் சொல்லலையா அதுகிட்ட?"

"எப்படிச் சொல்றது? காட்டினாங்க, அவ்வளவுதான்."

*

பூரிம் பண்டிகை நெருங்கிவிட்டது. எருசலேமில் அந்த வாரம் முழுவதும் பிள்ளைகள் வேஷத்தில்தான் திரிவார்கள். வகுப்புக்கும் வேஷம் போட்டு வரலாம் என்று சொல்லியிருந்தேன். நெஹோராய் பிளாஸ்டிக் தொப்பியோடு போலீஸ்காரனாக வந்தான். மூன்று ராணிகள், ஒரு தக்காளி. ஹோதயா சிங்கம்.

மஞ்சள் சட்டை; தலையைச் சுற்றி ஆரஞ்சுக் கம்பளி நூலில் பின்னிய பிடரி. அம்மா படுக்கையிலிருந்தே பின்னி, போன வாரம் அப்பா கையில் கொடுத்தனுப்பியது. இடப்பக்கம் தோள் வரை அடர்த்தியாகத் தொங்கியது. வலப்பக்கம் காதோடு நின்றுவிட்டது.

"பெண் சிங்கத்துக்குப் பிடரி கிடையாது," என்றான் நெஹோராய். "மோராவே சொன்னா."

"எனக்கு உண்டு. எங்கம்மா கையால போட்டுக் குடுத்தா. உங்கம்மா உனக்கு என்ன போட்டுக் குடுத்தா? கடைத் தொப்பிதானே?"

"பாதி வழுக்கையா இருக்கே!"

"மீதியை அடுத்த வாரம் பண்ணுவா. நீ உன் விசிலை ஊது, போ."

அன்றைக்கு அழைத்துப் போக அத்தை வரவில்லை. வகுப்பு முடியும் நேரத்தில் மேடைப் படியில் அமிஹாய் ஏறி வந்தான். ஓய்வுநாளில் போடுகிற கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை. காலில் தோல் ஷூ இல்லை; துக்கத்தில் இருப்பவர்கள் தோல் போட மாட்டார்கள். பழைய துணி ஷூ, விளிம்பெல்லாம் சிவப்பு மண். சட்டைக் கழுத்து இடப்பக்கத்தில், இதயத்துக்கு மேலே, ஒரு சாண் நீளம் கிழிந்து தொங்கியது.

எங்கள் வழக்கத்தில் சாவுக்குச் சட்டையைக் கிழிப்பார்கள்; அம்மா அப்பாவுக்கு மட்டும்தான் இடப்பக்கம். எங்கள் ஊரில் இறந்தவரை அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். அவன் கல்லறை மேட்டிலிருந்து நேராக வந்திருக்கிறான்.

நெஹோராய் அவனை மேலும் கீழும் பார்த்தான். "நீ என்ன வேஷம்?"

அமிஹாய் என்னைப் பார்த்தான். பிறகு ஓடி வந்து தன் இடுப்பைக் கட்டிக்கொண்ட தங்கையை, அந்தப் பிடரியைப் பார்த்தான்.

"பிச்சைக்காரன்," என்றான்.

"சூப்பர்! கிழிசல் நிஜம் மாதிரியே இருக்கு. இந்தா." பூரிமுக்கு ஏழைகளுக்குக் கொடுப்பது கட்டளை. நெஹோராய் பையிலிருந்து ஒரு காசை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். அமிஹாய் அந்தக் காசைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சந்தை வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்கிற அதே இழுப்பில் சொன்னான்:

"இன்னும் நிறைய நல்ல காரியம் பண்ற பாக்கியம் உனக்குக் கிடைக்கட்டும்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். ஹோதயாதான் எல்லோரையும் விட அதிகமாகத் தட்டினாள். "எங்கண்ணன்! அப்படியே பேசறான் பாரு!"

"போலாம் வா," என்றான்.

"இரு, அம்மாவுக்கு ஒரு தடவை கத்திட்டு வரேன். இன்னிக்குப் பிடரி வேற இருக்கு, நல்லாக் கேட்கும்."

மேற்கே திரும்பி நின்று அவள் கத்தினாள். அமிஹாய் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் மட்டும் தெரிந்தன. அந்தப் பக்கத்தில் யாயேல் படுத்திருந்தது.

*

சாயங்காலம் அத்தை எனக்குத் தொலைபேசினாள். பெயர் அலீஸ். மொராக்கோவில் பிறந்தவள். யாரைப் பார்த்தாலும் கப்பாரா என்பாள். உனக்கு வர வேண்டிய கெடுதல் எனக்கு வரட்டும் என்று அர்த்தம். பஸ் ஓட்டுநரையும் அப்படித்தான் கூப்பிடுவாள், கத்தரிக்காய் விற்பவனையும்.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அமிஹாய் சொன்னான், கப்பாரா. குழந்தைகிட்ட ஒண்ணும் சொல்லிடாதே."

"எப்ப சொல்லப்போறீங்க?"

"பையன்கிட்ட சொல்லித்தான் ஆகணும். அவன் அம்மாவுக்காகக் காதிஷ் துதி சொல்லணும் இல்லையா? பொண்ணுக்கு அது இல்லை. பொண்ணுகிட்ட சொல்லணும்னு வழக்கமே இல்லை. நம்ம ஜெபக்கூடத்து ரப்பியையே கேட்டுட்டேன். பூரிம் கொண்டாடட்டும். முப்பது நாள் தாண்டட்டும்."

முப்பது நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முப்பது நாளுக்குள் சாவுச் செய்தி கேட்டவர் ஏழு நாள் தரையில் உட்கார வேண்டும். முப்பது தாண்டிக் கேட்டவருக்கு ஒரு மணி நேரம் போதும்.

"அவ சின்னப் பொண்ணு," என்றேன். "அவளுக்கு ஏழு நாளும் கடமை இல்லை, ஒரு மணி நேரமும் கடமை இல்லை."

"கடமையை நீ எனக்குச் சொல்லித் தராதே. எனக்கு வேணுங்கிறது ஒரு அளவு. ஏழு நாளைவிட ஒரு மணி நேரம் சின்னதா இல்லையா? எம் பொண்ணுக்குச் சின்னதா வரட்டும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. ஆனப்புறம் புரியும்."

அவள் சொன்னது தவறு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஏன் தவறு என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. வரிசையாகச் சொல்ல முடியாததை நம்பிப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த புதன்கிழமைகளிலும் ஹோதயா வகுப்புக்கு வந்தாள். தினமும் பிடரியைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். வலப்பக்கம் காதோடு நின்றபடியே இருந்தது. அம்மா இப்போது தொலைபேசியில் பேசுவதில்லை. வைத்தியர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். அதனால் ஹோதயா முன்பைவிட அதிக நேரம் கத்தினாள். அத்தை அழைத்துப் போக வந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"அலீஸ் அத்தை, அம்மாவுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சாம் கப்பாரா, கேட்டுச்சாம். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாளாம்."

ஒரு வாரம் நான் இரண்டாம் பாதியில், இறைவனே சிங்கம் போலக் கர்ஜிப்பதைப் பற்றிச் சொன்னேன். தன் வீடாகிய கோயிலைத் தானே இடித்து, தன் பிள்ளைகளைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டு, அதை நினைத்து நினைத்து அவர் கர்ஜிக்கிறார் என்று நம் ஞானிகள் சொல்லியிருக்கிறார்கள்.

"அவரே அனுப்பிட்டு அவரே அழறாரா?" என்றாள் ஹோதயா. அவள் குரல் கரகரத்துப்போயிருந்தது.

"ஆமா."

"அப்ப வான்னு கூப்பிட வேண்டியதுதானே?"

நான் தண்ணீர் குடிக்கப் போகச் சொன்னேன். அது நேரமில்லை, ஏற்கெனவே ஒரு முறை போய் வந்திருந்தார்கள்.

அன்றைக்கு நுழைவாயிலில் அலீஸைத் தனியாகப் பிடித்தேன். ஹோதயா கொஞ்ச தூரத்தில் மயிலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

"சொல்லாம இருக்கலாம்னுதான் ரப்பி சொல்லியிருப்பார். கேட்டா உயிரோட இருக்கான்னு பொய் சொல்லலாம்னு சொல்லியிருக்க மாட்டார்."

"உயிரோட இருக்காளான்னு அவ கேட்டாளா? கேட்கலை. கேட்டுச்சான்னுதான் கேட்கறா."

"அது வேற, இது வேறயா?"

நான் யாயேலைப் பற்றிச் சொன்னேன். ஓவாதியா கதவைத் திறந்ததை, அது மறுநாள் வரை படுத்திருந்ததை, பிறகு கூப்பிடாமல் இருப்பதை.

"அது மிருகம்."

"மிருகத்துக்கே காட்டினோம்."

"உனக்குச் சுலபம்!" அவள் பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "நீ காட்டறதுக்கு ஒரு சிங்கம் இருந்துச்சு. எங்கிட்ட என்ன இருக்கு? ஒரு மண்மேடு. இன்னும் கல்லுகூட வைக்கலை. அதைக் காட்டி இதுதான் உங்கம்மான்னு சொல்லச் சொல்றியா? அவ கத்தும்போதாவது அம்மா இருக்காளே. நான் நிறுத்தினா அவளும் போயிடுவா."

ஹோதயா ஒரு மயிலிறகோடு வந்தாள். "இது அம்மாவுக்கு," என்றாள். அலீஸ் அதை வாங்கிப் பையில் பத்திரமாக வைத்தாள். அந்தப் பையில் ஏற்கெனவே ஒரு பைன் காயும் இரண்டு படங்களும் இருப்பதைப் பார்த்தேன்.

*

பஸ்கா பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு அலீஸ் என்னை வரச் சொன்னாள். முப்பது தாண்டிவிட்டது. "நீயும் இரு. உன்கிட்ட அவளுக்குப் பிரியம்."

அலீஸின் வீடு கத்தமோன் பகுதியில், நாலாவது மாடி. எல்லா வீடுகளைப் போல அந்த வீடும் பஸ்காவுக்காகத் தலைகீழாகியிருந்தது. கம்பளங்களைச் சுருட்டி பால்கனியில் போட்டிருந்தார்கள். அலமாரிகளுக்கு வெள்ளைக் காகிதம் ஒட்டியாகிவிட்டது. பஸ்காவில் புளித்த மாவு கூடாது; வீட்டில் எங்கும் ஒரு ரொட்டித் துணுக்கு இல்லை. சோப்பும் வினிகரும் மணத்தன. எல்கானா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு மாதத் தாடி. அமிஹாய் கதவருகே நின்றான். நான் உள்ளே வந்ததும் மெல்லச் சொன்னான்:

"அந்தக் காசு இன்னும் என்கிட்டதான் இருக்கு. யாருக்குக் குடுக்கறதுன்னு தெரியலை."

ஹோதயா பிடரியோடு உள்ளறையிலிருந்து ஓடி வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் நின்றாள். அவர் அந்த வீட்டுக்கு வருவதே அபூர்வம். வந்து அவர் எதிரே நின்று, நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டாள்.

"அப்பா, அம்மாவுக்குக் கேட்டுச்சா?"

என்ன சொல்வது என்று அவர் வழியெல்லாம் யோசித்து வந்திருக்க வேண்டும்.

"இல்லடா கண்ணு. பூரிமுக்கு முன்னாடியிலேர்ந்தே அம்மாவுக்கு எதுவும் கேட்கலை."

அவர் தன் சட்டையைக் காட்டினார். வலப்பக்கம் கிழித்து, பிறகு பெரிய பெரிய தையலாக இழுத்துக் கட்டியிருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி அமிஹாயைப் பார்த்தாள். அவனும் சட்டையின் இடப்பக்கத்தைக் காட்டினான். அம்மாவுக்காகக் கிழித்தது, அது இன்னும் தைக்காமல்தான் இருந்தது.

"அப்ப நீ பிச்சைக்காரன் இல்லையா?"

"இல்லை."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். விரல் விட்டு எதையோ எண்ணுகிறவள் போல உதடு அசைந்தது. பிறகு கேட்டாள், எங்களில் யாரையும் பார்க்காமல்:

"அப்ப நான் கத்தினதெல்லாம்?"

அலீஸ் சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. எல்கானா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். யாராவது பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். பிறகு, "எனக்குக் கேட்டுச்சு ஹோதயா," என்றேன். "ஓவாதியாவுக்கும் கேட்டுச்சு." அது எவ்வளவு சின்ன பதில் என்று சொல்லும்போதே தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், ஒரு பெரியவளைப் போல, மரியாதைக்கு.

"எனக்கும் கிழிக்கணும்," என்றாள்.

"உனக்குக் கட்டாயம் இல்லைடா," என்றார் அப்பா.

"எனக்கும்."

அமிஹாய் சமையலறையிலிருந்து கத்தி கொண்டுவந்தான். அவள் மஞ்சள் சட்டையின் கழுத்தில், இடப்பக்கம், விரல் நகமளவு வெட்டிவிட்டான். மீதியை அவளே இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்க வேண்டும். துணி கெட்டியானது, அவளால் முடியவில்லை. அவன் தன் கைகளை அவள் கைகள் மேல் வைத்து அழுத்திக் கிழித்தான். உண்மையான நீதிபதியாகிய இறைவனைப் போற்றும் வார்த்தைகளை அப்பா சொல்லிக்கொடுக்க அவள் திருப்பிச் சொன்னாள். ஒரு வார்த்தை தவறியது, மறுபடி சொன்னாள்.

அலீஸ் கை துடைத்துக்கொண்டு வந்து ஒரு தாழ்ந்த முக்காலியைப் போட்டாள். சுவரில் கடிகாரம் இல்லை. சுண்ணாம்பு அடிக்க எடுத்திருந்தார்கள். அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். கீழே தெருவில் பிள்ளைகள் பழைய மரச்சட்டங்களை இழுத்துப் போனார்கள், பண்டிகைக்கு முன் மீந்த ரொட்டியை எரிக்கும் நெருப்புக்கு.

ஹோதயா கொஞ்ச நேரம் முக்காலியில் உட்கார்ந்தாள். பிறகு இறங்கி, வெறும் தரையில் வயிற்றை வைத்து, முழங்கையை மடக்கி, முன்கைகள் மேல் தலையைச் சாய்த்துப் படுத்தாள். கம்பளி நூல் தரையில் விரிந்தது. ஒரு பக்கம் நிறைய, ஒரு பக்கம் ஒன்றுமில்லாமல். கண் திறந்திருந்தது. அழவில்லை. அப்படிப் படுப்பதை அவள் எங்கே பார்த்தாள் என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு மணி நேரம் ஆனதும் அலீஸ் குனிந்தாள்.

"ஆயிடுச்சு கப்பாரா. எழுந்திரு. போதும், கணக்கு முடிஞ்சுது. சூப் சூடா இருக்கு."

அவள் அசையவில்லை.

"கண்ணு, ஒரு மணி நேரம்தான். ஒரு மணி நேரம்தான் கேட்டாங்க. எழுந்திரு."

தோளில் கை வைக்கப் போனாள். கை பாதி வழியில் நின்றுவிட்டது. எல்கானா, "விடு அலீஸ்," என்றார். அவள் நிமிரவும் இல்லை, தொடவும் இல்லை. குனிந்தபடியே என் பக்கம் திரும்பினாள். அவ்வளவு பயந்த முகத்தை அவளிடம் நான் பார்த்ததில்லை.

"உன் சிங்கம்," என்றாள், "அது எவ்வளவு நேரம் படுத்திருந்துச்சுன்னு சொன்னே?"

"மறுநாள் வரைக்கும்."

அலீஸ் செருப்பைக் கழற்றினாள். கைக்கடிகாரத்தை அவிழ்த்து அதற்குள் போட்டாள். முழங்காலில் கை ஊன்றி மெதுவாக இறங்கி, குழந்தையின் பக்கத்தில், தரையில் படுத்துக்கொண்டாள்.